மடிச்சூடு

மூன்றாவது ஊசி வேண்டாம் என்று விளாங்குடியில் பஸ் ஏறும்போதே சோலையம்மாள் முடிவு செய்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போவாள். கட்டிலில் படுத்துத் தண்ணீர் பாட்டில் ஏற்றிக்கொள்வாள். டாக்டர் மருந்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வரும்போது கையை இழுத்துக்கொண்டு, முடியாது என்று சொல்லிவிடுவாள். வீட்டிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் புருஷன் பேச்சிமுத்து அழுவான். நூறு கிலோ மூட்டையை முதுகில் வாங்குகிற ஆள் அடுப்படியில் உட்கார்ந்து அழுவதை ஒருமுறை பார்த்தது போதும். டாக்டர் முன்னால் என்றால் அடக்கிக்கொள்வான்.

கிளம்பும்போது பக்கத்து வீட்டுச் சின்னத்தாயிடம், "கோழிக்கு இன்னைக்கு ஒரு நாளைக்குத் தீனி போட்டு விடுக்கா. பொழுதுசாய வந்துருவேன்" என்று சொல்லியிருந்தாள். பேச்சிமுத்து பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றான். ஒன்றும் கேட்கவில்லை.

இருவருக்கும் சிம்மக்கல்லில் வெங்காய மண்டியில் வேலை. அவன் லாரியிலிருந்து மூட்டை இறக்குவான். அவள் அழுகலைப் பொறுக்கித் தள்ளித் தரம் பிரிப்பாள். கல்யாணமாகிப் பதினாலு வருஷம், பிள்ளை இல்லை. எண்பத்தைந்தாம் வருஷம் மாசியில் அவள் வயிறு மேடிட்டது. முப்பத்தாறு வயதில் தீட்டு நின்று வயிறு மேடிட்டால் மண்டியில் இருக்கிற பொம்பளைகள் என்ன சொல்வார்கள்? அதைத்தான் சொன்னார்கள். அவளும் நம்பினாள். மெட்ராஸ் லாரி ஓட்டுகிற அவள் தம்பி பால்பாண்டி வழியில் ஒரு தோப்போரம் வண்டியை நிறுத்தி, ஒரு கூடை பச்சை மாங்காய் வாங்கிக்கொண்டு வந்து இறக்கினான். "தின்னுக்கா. எம் மருமகன் கேக்குறான்ல" என்றான். அவள் உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுத் தின்றாள்.

இரண்டு மாதம் கழித்து, மூச்சுவிட முடியாமல் மண்டி வாசலில் உட்கார்ந்துவிட்ட அன்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வயிற்றுக்குள் இருந்தது தண்ணீர். சினைப்பையில் புற்று. வாளிக்கணக்கில் தண்ணீரை எடுத்தார்கள். பிறகு வயிற்றைக் கிழித்து எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். எடுக்க முடியாமல் உள்ளே ஒட்டிக்கொண்டிருந்ததற்குத்தான் இந்த ஊசி.

புது மருந்து என்றார் டாக்டர் ஞானசீலன். பிளாட்டினம் என்கிற உலோகத்திலிருந்து செய்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் ஆறு. ஆஸ்பத்திரியைச் சுற்றி இருந்த கடைகளில் கிடைக்காது, மெட்ராஸிலிருந்துதான் வர வேண்டும்.

"பிளாட்டினம்னா தங்கத்த விட ஒசத்தியாம்ல" என்று பால்பாண்டி அப்போது சொன்னான். "ஊருல பொம்பளைக காதுல கழுத்துல போடுறாளுக. எங்கக்கா ரத்தத்துலயே போட்டுக்கிட்டா. எவன் அத்துக்கிட்டு ஓட முடியும்?"

சோலையம்மாளுக்கே சிரிப்பு வந்தது. அது முதல் ஊசிக்கு முன்னால்.

முதல் ஊசிக்குப் பிறகு இரண்டு நாள் வாந்தி எடுத்தாள். சோறு வந்தது, தண்ணீர் வந்தது, மஞ்சளாகப் பித்தம் வந்தது, அப்புறம் ஒன்றுமே வராமல் குடலை முறுக்கிக்கொண்டு வந்தது. வாந்திக்குக் கொடுத்த மாத்திரையும் வாந்தியில் வந்தது. இரண்டாவது ஊசிக்கு நாலு நாள். கூடவே காதுக்குள் ஒரு சில்வண்டு வந்து உட்கார்ந்துகொண்டு இரையத் தொடங்கியது, இன்றைக்கு வரை போகவில்லை. சோறு வேகிற வாசம் பிடிக்காமல் போயிற்று. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கழன்றது. இப்போது தலையில் துண்டைத்தான் கட்டிக்கொள்கிறாள். அதையும் கூடை சுமக்கச் சும்மாடு கட்டுகிற மாதிரிதான் கட்டத் தெரியும்.

ஆனால் வயிறு வற்றிவிட்டது. அது அவளுக்கே தெரிந்தது. "மருந்து கேக்குது, சோலையம்மா" என்று டாக்டர் சொன்னார். "இப்ப நிறுத்துனா மறுபடி தண்ணி சேரும். அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது." நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் முடிவு செய்திருந்தாள். இன்னும் நாலு தடவை அப்படிக் கிடப்பதற்கு இது தேவலை.

கார்த்திகை மழை மூன்று நாளாக விடாமல் பிடித்திருந்தது. வார்டில் ஜன்னல் கண்ணாடி உடைந்த இடத்தில் அட்டையை வைத்து அடைத்திருந்தார்கள். அதையும் மீறிச் சாரல் வந்தது. நர்ஸ் சகாயமேரி ஏழு மணிக்கே சோலையம்மாளின் இடது கையில் ஊசியைக் குத்தித் தண்ணீர் பாட்டிலை மாட்டிவிட்டாள். இந்த மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதனால் முதலில் உடம்பு நிறையத் தண்ணீரை ஏற்றி, அது ஒழுங்காகக் கழிகிறதா என்று அளந்து பார்த்தால்தான் மருந்தைக் கையில் எடுப்பார்கள்.

அளக்கிற வேலை பேச்சிமுத்துவுடையது. சோலையம்மாள் கழிப்பறைக்குப் போகும்போதெல்லாம் பாட்டிலைக் கம்பியிலிருந்து கழற்றி, கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பான். வெளியே நின்று கதவிடுக்கு வழியாகக் கையை மட்டும் உள்ளே நீட்டிப் பிடித்திருப்பான். மற்ற ஆம்பிளைகளுக்கு இரண்டு நிமிடத்தில் கை இறங்கிவிடும். இவனுக்கு இறங்காது. பிறகு அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து, மூட்டைக்குக் கோடு இழுக்கிற மாதிரி கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு இழுப்பான். நாலு நின்ற கோடு, ஐந்தாவது குறுக்கே.

"அண்ணே, சுவத்துல கிறுக்காதீகன்னு எத்தன தடவ சொல்றது? சீட்டுத்தான் கொடுத்துருக்கேன்ல" என்றாள் சகாயமேரி.

"சீட்டு தொலைஞ்சு போகும் சிஸ்டர். சொவரு எங்க போகப் போகுது?"

எட்டரை மணிக்குப் பால்பாண்டி வந்தான். லாரியைச் சிம்மக்கல்லில் நிறுத்திவிட்டு நேராக வந்திருக்கிறான். லுங்கி நனைந்து தொடையோடு ஒட்டியிருந்தது. நெஞ்சோடு சேர்த்து ஒரு சிவப்புக் காப்பி பிளாஸ்க்கைக் கட்டிப் பிடித்திருந்தான்.

போன இரண்டு தடவையும் பேச்சிமுத்துவே ரயிலில் போய் மருந்தை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தான். இந்தத் தடவை அவளைத் தனியாக விட்டுப் போக மனசில்லை. நான் கொண்டுவருகிறேன் என்று பால்பாண்டி ஏற்றுக்கொண்டான்.

"மச்சான், மருந்த எப்படிக் கொண்டாரணும்னு பாத்துக்கங்க" என்று சொல்லிக்கொண்டே பிளாஸ்க்கைக் கட்டிலில் வைத்தான். "சட்டைப்பையில வேர்வையில ஊறப்போட்டுக் கொண்டாந்தா அது கெட்டுப் போகாம என்னா செய்யும்? அதான் எங்கக்கா அம்புட்டு வாந்தி எடுத்துச்சு. நம்ம வண்டியில எஞ்சின் சூடு, முட்டைய வச்சா வெந்துரும். விழுப்புரத்துல ஐஸ் வாங்கிப் போட்டேன். திருச்சியில மாத்தினேன். மருந்து பச்சப்புள்ள மாதிரி தூங்கிக்கிட்டு வருது."

"ஆமா, பெரிய கம்பவுண்டரு" என்றான் பேச்சிமுத்து. ஆனால் அவன் முகத்திலும் ஒரு நிம்மதி தெரிந்தது. தான் கொண்டுவந்த விதம்தான் தப்போ என்று அவனுக்கும் உள்ளுக்குள் இருந்தது.

சோலையம்மாள் தம்பியைப் பார்த்தாள். இரண்டு ராத்திரி தூங்காத கண். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து வாங்கிவரச் சொன்னபோது, அதை டவுசர் பையில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்து கொடுத்தான். பதினெட்டுக் கோழியும் செத்தன. ஐஸில் வைத்துக் கொண்டுபோக வேண்டியதைச் சூட்டில் கெடுத்துவிட்டாய் என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் அவனைத் திட்டினார். அன்றிலிருந்து அவனுக்கு மருந்து என்றால் ஐஸ். இன்றைக்கு அவனிடம் போய் இந்த ஊசி எனக்கு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று நினைத்தாள். சரி, டாக்டர் வரட்டும்.

பத்து மணிக்கு டாக்டர் வந்தார். சுவரில் இருந்த கோடுகளைப் பார்த்தார், சிரித்துக்கொண்டார். சகாயமேரி பிளாஸ்க்கைத் திறந்து, பிளாஸ்டிக் பைக்குள் சுற்றியிருந்த அட்டைப் பெட்டிகளை எடுத்தாள். உள்ளே இரண்டு கண்ணாடிக் குப்பிகள். ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தவள் அப்படியே நின்றாள். டாக்டரிடம் நீட்டினாள்.

தெளிந்த நீராக இருக்க வேண்டிய மருந்துக்கு அடியில் மஞ்சளாகப் பொடிப்பொடியாக ஏதோ படிந்திருந்தது. ஆட்டினால் மேலே கிளம்பி மின்னிவிட்டுத் திரும்பவும் கீழே இறங்கியது.

"ஐஸ்ல வச்சீங்களா?"

"ஆமாங்க சார். மெட்ராஸ்ல இருந்து இங்க வரைக்கும். ஒரு நிமிசம் சூடு படல" என்றான் பால்பாண்டி, மார்பை நிமிர்த்திக்கொண்டு.

டாக்டர் பெட்டியைத் திருப்பி ஓரத்தில் இருந்த இங்கிலீஷ் எழுத்தைக் காட்டினார். காட்டிய பிறகுதான் அவனுக்குப் படிக்கத் தெரியாது என்று உறைத்திருக்க வேண்டும். குரலை இறக்கிக்கொண்டார். "எல்லா மருந்தும் ஒண்ணு இல்லப்பா. இத மட்டும் குளிர்ல வைக்கக் கூடாது. கரைஞ்சிருக்கிற மருந்து பிரிஞ்சு கல்லாப் போயிரும். இப்படியே ஏத்த முடியாது. கரையாத மருந்து ரத்தத்துக்குள்ள போகக் கூடாது."

"வேற வாங்கியாரவா சார்? இப்பவே வண்டிய எடுக்குறேன்."

"நீ போயிட்டு வர ரெண்டு நாளாகும். அதுவும் அங்க கடையில கைவசம் இருக்கணும். இந்த ரெண்டுமே அவங்க யாருக்கோ வச்சிருந்ததக் கேட்டு வாங்கினது." டாக்டர் குப்பியைத் திரும்பவும் வெளிச்சத்தில் பார்த்தார். "வெளிய எடுத்து வச்சா சில நேரம் தானாக் கரையும். வெந்நி கிந்நியில வச்சிராதீங்க. உடம்புச் சூடு மாதிரி இதமான சூடு போதும். சாயந்தரம் நாலு மணிக்குப் பாக்குறேன். கண்ணாடி மாதிரி தெளிஞ்சிருந்தா போடுவேன். ஒரு பொடி மிஞ்சியிருந்தாலும் போட மாட்டேன்."

அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். சகாயமேரி குப்பிகளைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றி மேஜை மேல் வைத்தாள். வெளிச்சமும் ஆகாத மருந்து அது.

சோலையம்மாளுக்கு முதுகிலிருந்து மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது. கையை இழுக்க வேண்டியதில்லை. முடியாது என்று சொல்ல வேண்டியதில்லை. பேச்சிமுத்து யாரையும் நொந்துகொள்ள முடியாது. மருந்து கெட்டுவிட்டது, அவ்வளவுதான். சாயந்தரம் பஸ்ஸில் வீட்டுக்குப் போய்க் கோழியை அடைக்கலாம். அவள் உதடு தன்னையறியாமல் லேசாக விரிந்தது. நிமிர்ந்தபோது பேச்சிமுத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பால்பாண்டி வெளியே போய்விட்டான். அவள் கட்டிலுக்குப் பின்னால்தான் வராந்தா ஜன்னல். கொஞ்ச நேரத்தில் தூணில் எதையோ மொத்துகிற சத்தம் கேட்டது. அவன் தலைதான். பேச்சிமுத்து ஓடினான்.

"விடுறா மாப்ள. வேணும்னேவா செஞ்ச?"

"விடுங்க மச்சான்! அன்னைக்கு வயித்துல புத்தோட இருந்தவளுக்கு மாங்காயத் தூக்கிக்கிட்டு வந்தேன். கூறுகெட்ட பய, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னு தோணுச்சா? மருமகன், மருமகன்னு ரெண்டு மாசம் ஓட்டினேன். இன்னைக்கு ஐஸத் தூக்கிக்கிட்டு வந்துருக்கேன். அவ கோழியக் கொன்னேன். இப்ப அவளையே கொன்னுட்டேன்."

"வாய மூடு. அவ காதுல விழப்போகுது."

"விழட்டும். எங்கம்மா சாகயில என்னைய அவ கையில புடிச்சுக் கொடுத்துட்டுப் போச்சு. ஒம்போது வயசு. வெங்காயம் பொறுக்கித்தான் எனக்குச் சோறு போட்டா. அவளுக்கு நான் செஞ்சது இதான்."

பிறகு முப்பது வயது ஆம்பிளை வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு அழுகிற சத்தம் மட்டும் மழையோடு வந்தது.

சோலையம்மாள் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். காதில் சில்வண்டு கத்தியது. அவள் செத்துப்போவது பற்றி நிறைய யோசித்திருந்தாள். பேச்சிமுத்து என்ன செய்வான், கோழிகள் யாரிடம் போகும் என்பது வரை. இது யோசனையில் இல்லை. அவள் இன்றைக்கு ஊசி போடாமல் வீட்டுக்குப் போய், தையிலோ மாசியிலோ செத்துப்போனால், இந்தப் பயல் தான்தான் கொன்றதாக நினைத்துக்கொண்டே லாரி ஓட்டுவான். தானே ஊசி வேண்டாமென்று இருந்தேன் என்று இப்போது கூப்பிட்டுச் சொன்னாலும் நம்ப மாட்டான். தேறுதலுக்குச் சொல்வதாக நினைப்பான். ஆயுசு பூராவும் சுமப்பான். எங்கேயாவது விழுப்புரம் ரோட்டில் எதிர்வண்டி மேல் விடுவான்.

அட்டை இடுக்கு வழியாகச் சாரல் மேஜை மேல் தெறிப்பதைப் பார்த்தாள். பிறகு சகாயமேரியைக் கூப்பிட்டாள்.

"சிஸ்டர், அந்தக் குப்பிய இப்படிக் கொடுங்க."

"எதுக்கு?"

"மேசை ஈரமாக் கெடக்கு. சாரல் அடிக்குது. அங்க வச்சா எப்படிக் கரையும்? ஒடம்புச் சூடு போதும்னு சொன்னாகள்ல. எங்கிட்டதான் ஒடம்பு இருக்கே. காச்சக்காரி மாதிரி கொதிச்சுக்கிட்டுத்தான கெடக்கேன்."

சகாயமேரி டாக்டரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். மூடியைத் தொடக் கூடாது, காகிதத்தைப் பிரிக்கக் கூடாது, உருண்டு படுக்கக் கூடாது என்று மூன்று தடவை சொல்லிவிட்டுக் கொடுத்தாள். சோலையம்மாள் இரண்டு குப்பியையும் முந்தானைத் துணியில் முடிந்து, மடியில் செருகி, அடிவயிற்றோடு அணைத்து வைத்துக்கொண்டாள். ஆபரேஷன் தழும்புக்குப் பக்கத்தில் கண்ணாடி சில்லென்று பட்டது. உடம்பு ஒருமுறை கூசியது. அந்த மருந்தின் நினைப்பே அவளுக்குக் குமட்டும். தொண்டை வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"அந்தப் பயல உள்ள வரச் சொல்லுங்க" என்றாள் வராந்தாவிலிருந்து திரும்பி வந்த பேச்சிமுத்துவிடம்.

பால்பாண்டி வந்தான். நெற்றி புடைத்திருந்தது. கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தான்.

"தூணு ஒடஞ்சு போச்சாடா?"

அவன் நெற்றியைத் துண்டால் மறைத்துக்கொண்டான்.

"ஆஸ்பத்திரிக்காரன் காசு கேக்கப் போறான். இங்க வா, மண்டையக் காட்டு." வலது கையால் அவன் நெற்றியைத் தேய்த்துவிட்டாள். "நான் அடைக்கு உக்காந்திருக்கேன். நாலு மணி வரைக்கும் பக்கத்துல இருந்து பேசிக்கிட்டுக் கெட. அசையக் கூடாதுன்னுட்டாக, பொழுது போகாது."

"என்னாக்கா பேச?"

"எதையாச்சும் பேசு. எந்த ஊரு புரோட்டாக் கடையில எவகிட்ட அடி வாங்குன, அதச் சொல்லு."

அவன் மெதுவாக ஆரம்பித்தான். பெரம்பலூரில் டயர் வெடித்தது, செக்போஸ்ட்டில் போலீஸ்காரன் வெங்காயம் கேட்டது, கிளீனர் கருத்தக்கண்ணன் தூக்கத்தில் எழுந்து டீசல் டப்பாவில் வாய் வைத்தது. பக்கத்துக் கட்டில்காரி கூடச் சிரித்தாள். சோலையம்மாள் சிரிக்கும்போது ஒரு கையால் மடியைப் பிடித்துக்கொண்டாள். கழிப்பறைக்குப் போகும்போதெல்லாம் குப்பிகளை எடுத்து அவனிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அவன் அவற்றைச் சட்டைக்குள் கக்கத்தில் வைத்துக்கொண்டு மூச்சு விடாமல் நின்றான். பேச்சிமுத்து பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனான், வந்தான், சுவரில் கோடு இழுத்தான்.

மத்தியானம் பால்பாண்டி டீ வாங்கப் போனபோது பேச்சிமுத்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"சின்னத்தாயிட்ட ஆள் சொல்லி அனுப்பணும்" என்றான்.

"என்னான்னு?"

"கோழிக்கு நாலு நாளைக்குத் தீனி போடச் சொல்லி. நீ ஒரு நாளைக்குத்தான சொல்லிட்டு வந்த." கையில் இருந்த கரித்துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஊசி போட்டா ஒரு நாள்ல எப்படி வீட்டுக்கு வர முடியும்?"

அவள் அவனைப் பார்த்தாள். "தெரிஞ்சுக்கிட்டுத்தான் பேசாம வந்தீகளா?"

"என்னா பேச? வாந்தி எடுக்குறது நீ. போட்டுக்கன்னு நான் எந்த வாயால சொல்றது?" அவன் கண் நிறைந்தது. ஆனால் சொட்டு விழவில்லை. "பாட்டிலத்தான் தூக்கிப் பிடிக்க முடியும் என்னால."

அவள் அவன் கையை எடுத்து மடி மேல் வைத்துக்கொண்டாள். முந்தானைக்கு மேலேயே தெரிந்தது. கண்ணாடி இப்போது அவள் உடம்பின் சூட்டுக்கு வந்திருந்தது.

நாலு மணிக்கு டாக்டர் வந்து காகிதத்தைப் பிரித்தார். ஒன்று தெளிந்திருந்தது. இன்னொன்றின் அடியில் கொஞ்சம் மினுக்கம் இருந்தது. பால்பாண்டி டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இதையும் ஒரு மணி நேரம் வச்சிருங்க" என்றார் டாக்டர்.

அந்த ஒரு மணி நேரமும் சோலையம்மாள் ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, குப்பியைச் சுற்றி உடம்பைச் சுருட்டிக்கொண்டாள். பேச்சிமுத்து தன் துப்பட்டியை எடுத்து அவள்மேல் போர்த்தினான். பால்பாண்டி ஜன்னலில் அட்டை விலகிய இடத்தை முதுகால் அடைத்துக்கொண்டு நின்றான். சட்டை முதுகு முழுக்க நனைந்தது.

ஐந்து மணிக்கு டாக்டர் குப்பியை வெளிச்சத்தில் சாய்த்தார். கவிழ்த்தார், நிமிர்த்தார், ஆட்டினார். சகாயமேரியிடம் கொடுத்தார். அவளும் ஆட்டிப் பார்த்தாள்.

"தெளிஞ்சிருச்சு சார்."

பால்பாண்டி தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"என்ன சோலையம்மா, போட்டுரலாமா?" என்றார் டாக்டர். எப்போதும் கேட்பதுதான். எப்போதும் அவள் பதில் சொல்லமாட்டாள்.

சோலையம்மாள் கையை நீட்டினாள். "போடுங்க சார்."

மருந்து கலந்த பாட்டிலைச் சுற்றிச் சகாயமேரி கார்பன் பேப்பரைக் கட்டினாள். சொட்டுகள் இறங்கத் தொடங்கின. இருட்டி, வார்டில் விளக்குப் போட்ட பிறகு முதல் வாந்தி வந்தது. பேச்சிமுத்து அவள் வாயருகே பீங்கான் பேசினை ஏந்தினான். பால்பாண்டி அவள் தலையைப் பிடித்தான். தலைத்துண்டு அவிழ்ந்து அவன் கையில் விழுந்தது.

வாயைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள். "அம்புட்டு நேரம் மடியில வச்சு அடைகாத்தேன். அப்படியும் எரக்கம் இல்ல பாரு இதுக்கு."

பால்பாண்டி துண்டைத் திரும்பவும் அவள் தலையில் சுற்றிக் கட்டினான்.

"டேய் பாண்டி. சிம்மக்கல்லுல கடை அடச்சிருப்பானா?"

"எந்தக் கடை?"

"மாங்காய் வத்தல் இருந்தா ஒரு கால் கிலோ வாங்கிட்டு வா. வாய்க்குள்ள அடக்கிக்கிட்டா கொமட்டல் கொஞ்சம் அடங்கும். இன்னும் மூணு நாளு கெடக்குல்ல."

அவன் அவளைப் பார்த்தான். மாங்காய் என்ற சொல்லை அவன் முன்னால் ஏழெட்டு மாதமாக யாரும் எடுத்ததில்லை.

"போடா. நல்லாப் புளிப்பாப் பாத்து வாங்கு."

அவன் மழையில் இறங்கி ஓடினான். அடுத்த வாந்தி வருவதற்கு முன் சோலையம்மாள் எழுந்து உட்கார்ந்து, கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று சைகை காட்டினாள். பேச்சிமுத்து பாட்டிலைக் கம்பியிலிருந்து கழற்றித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளோடு நடந்தான்.